ஊற்று மரத்துச் சிவப்புத் துணி

மதினி,

காலையிலிருந்து கை அரிக்கிறது. மருமகளின் தாய்வீட்டிலிருந்து ஒரு சாக்கில் சேப்பங்கிழங்கு கொடுத்தனுப்பியிருந்தார்கள், ஈர மண்ணோடு. "வைங்க அத்த, நான் சீவிக்கிறேன்" என்று அவள் சொன்னாள். நான் கேட்கவில்லை. பச்சைக் கிழங்கு என் கைக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். புளியைக் கரைத்துத் தேய்த்தேன். அடுப்புச் சூட்டில் காட்டினேன். போகவில்லை. அந்த அரிப்போடு வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. நல்ல ஞாபகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

போன மாதம் இந்தியாவிலிருந்து அண்ணனின் கடுதாசி வந்தது. கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைக் காட்டில், மழை விடாத ஒரு வாரத்தில், நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்களாம். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். நான் அழவில்லை. அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். "அண்ணன் பொண்டாட்டி செத்துக் கெடக்கு, இவளுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல பாரேன்" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். யார் என்று எனக்குத் தெரியும். அதையும் மறக்காமல் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் வகுப்போடு கொழுந்துக் கூடை தூக்கியவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். நாம் பேசிய காலத்தைவிடப் பேசாமல் இருந்த காலம்தான் நீளம். அதனால் சொல்ல வேண்டியதெல்லாம் உள்ளேயே கிடக்கிறது. இனி நீங்கள் மறுத்துப் பேச முடியாது என்பதால் எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

எழுபதுகளின் நடுவில் வந்த அந்தப் பஞ்சத்தை இன்று சொன்னால் பிள்ளைகள் கதை என்று நினைக்கிறார்கள். மாவு இல்லை. தோட்டத்தில் பாதி நாள் வேலை இல்லை. பொகவந்தலாவைக் கடைத்தெருவில் பாண் ரொட்டிக்கு வரிசை வளைந்து வளைந்து நின்றது. நமக்கு எப்போதும் கடன் கொடுக்கும் கடை நானாவே கையை விரித்து, "மா வரல்ல தங்கச்சி, நான் என்ன செய்ய" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேயிலைக்கு அடியில் முளைத்த கீரையெல்லாம் தீர்ந்தது. வாழைத்தண்டை வேகவைத்தோம். என் சின்னவள் தின்றதும் கக்குவாள், கக்கியதும் பசிக்கிறது என்பாள்.

அப்போதுதான் ஒருநாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில், தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா சொன்னார்: "வெத்து நெலம் எங்க கெடந்தாலும் ஏதாச்சும் நட்டுக்கங்க. தொரை ஒண்ணும் சொல்ல மாட்டாரு." சொன்ன வாய் மூடுவதற்குள் லயத்தைச் சுற்றியிருந்த மண்ணெல்லாம் ஆளுக்கொரு துண்டாகப் போய்விட்டது. நானும் என் வீட்டுக்காரரும் அன்று தூரத்து மலையில் வேலையாக இருந்தோம். இறங்கி வந்து பார்த்தால் கக்கூசுக்குப் பின்னால்கூட இடமில்லை.

மிச்சம் இருந்தது ஒரே இடம். நம் லயத்துக்கு மேலே, மலை மடங்கும் மூலையில், தேயிலை நடாமல் விட்டிருந்த கைப்பிடிக் காடு. அதன் நடுவே ஊற்று. ஊற்றின் தலைமாட்டில் யாருக்கும் பெயர் தெரியாத அந்தப் பெரிய மரம். ஊற்று மரம் என்றுதான் சொல்வோம். அங்கிருந்து வரும் தண்ணீர் நம் பீலிக் குழாயில் விழும். விழுந்து வழிந்தது கான் வாய்க்காலோடு ஓடிக் கீழ் லயத்துப் பீலிக்குப் போகும். அங்கே காட்டுக்குள் மண் கறுப்பாக, கால் வைத்தால் புதையும். சேப்பங்கிழங்கு நட்டால் குழந்தையின் தொடை அளவுக்கு விளையும் என்று எனக்குப் பட்டது. வெயில் இறங்க வேண்டுமென்றால் மரங்களை வெட்ட வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் உங்களிடம்தான் வந்து சொன்னேன். அதை மறந்துவிடாதீர்கள். பீலியடியில் நீங்கள் வாளி வைத்திருந்தீர்கள்.

"மதினி, ஞாயித்துக்கெழம ஊத்துப் பக்கம் வெட்டப் போறோம். அண்ணனையும் வரச் சொல்லுங்க. ஆளுக்குப் பாதி."

"எந்த ஊத்து?"

"நமக்கு எத்தன ஊத்து இருக்கு?"

வாளி நிறைந்து வழிந்தது. நீங்கள் அதை நகர்த்தவில்லை. "அந்த மரத்த வெட்டுனா தண்ணி நிக்காது புள்ள" என்றீர்கள்.

"தண்ணி மலையில இருந்து வருது. மரத்துல இருந்தா வருது?"

"தேயில மலையும் மலைதான். மழ பேஞ்ச மத்த நாளே காஞ்சி கெடக்கு. இது மட்டும் மாசியிலயும் ஈரமா கெடக்கே, ஏன்? அந்த வேரும் சருகும்தான் புடிச்சி வச்சிருக்கு."

"மாசிக்கு வத்துனா மாசியில பாத்துக்குவோம். இன்னைக்கி எம் புள்ளைங்க வயித்துல என்னா இருக்கு, சொல்லுங்க."

"கீழ லயத்துலயும் புள்ளைங்க இருக்கு. இந்தத் தண்ணி நமக்கு மேல பொறந்து நமக்குக் கீழ போவுது. நடுவுல நின்னு மொண்டுக்கிறவங்க நாம. அம்புட்டுதான்."

கீழ் லயம் நீங்கள் பிறந்து வளர்ந்த இடம். எனக்கு ஏறிவிட்டது. "ஓ, பொறந்த வூட்டுப் பாசமா? உங்க அப்பன் வூட்டுக் கொடம் நெறையணும்னு எம் புள்ள ஈரத்துணியக் கட்டிக்கிட்டுப் படுக்கணுமா? மரத்துக்கு என்னா, வயிறா இருக்கு?"

"மரத்துக்கு இல்ல. அத நம்பிக் கெடக்கிறதுக்கெல்லாம் இருக்கு."

அப்படிச் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். உங்கள் பிள்ளைகளும்தான் அன்று பட்டினி கிடந்தார்கள். எனக்கு இன்றும் ஆத்திரம் அதில்தான். உங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருந்தால் நான் ஊரைக் கூட்டி உங்களை நாறடித்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் முன்பே புறப்பட்டோம். வீட்டுக்காரர் கோடாலியோடு முன்னால் போனார். பக்கத்துக் காம்பரா அறைக்காரர்கள் இரண்டு பேர் கத்தியும் மண்வெட்டியுமாக வந்தார்கள். நான் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். போய்ப் பார்த்தால் ஊற்று மரத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. அடியில் மூன்று கல், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து. சிரட்டையில் கற்பூரம் எரிகிறது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்கள். நிற்கிறீர்களா, ஆடுகிறீர்கள்.

"எவன்டா அது! எங் கண்ணுல மண்வெட்டி வைக்க வந்தவன் எவன்டா!"

அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ. வீட்டுக்காரர் கோடாலியைப் போட்டுவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மற்ற இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சத்தம் கேட்டு லயமே ஏறி வந்துவிட்டது. "நான் ஊத்து முனிடா! இந்தக் கண்ண நோண்டுனா பீலியில ரத்தம் வரும்டா! ஒரு சுள்ளி ஒடிச்சாலும் ஒடிச்சவன் வூட்டுல வெளக்கு எரியாதுடா!" பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ எலுமிச்சம்பழம் கொண்டுவர ஓடினார்கள்.

எனக்கும் முதலில் மயிர் கூச்செறிந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த நேரம் சின்னவள் என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி "அத்த" என்று உங்களிடம் ஓடினாள். பாசி பிடித்த கல்லில் கால் வைக்கப் போனாள். நீங்கள் ஆடிக்கொண்டே குனிந்து, அவளைத் தூக்கி இந்தப் பக்கம் விட்டு, கைப் பழக்கத்தில் அவளுக்கு மூக்கையும் சிந்தி விட்டீர்கள். எந்த ஊர் முனி மதினி பிள்ளைக்கு மூக்குச் சிந்தி விடும்? அப்புறம்தான் துணியைப் பார்த்தேன். தீபாவளிக்கு நான் உங்களுக்கு எடுத்துக் கொடுத்த சேலையின் முந்தானை அது. கரையில் இருந்த பூக்கொடி அப்படியே தெரிந்தது. தலையை நிமிர்த்தினேன். முடிக்கு நடுவிலிருந்து உங்கள் கண் என்னைப் பார்த்தது. உடனே தாழ்ந்தது.

மறுநாள் பீலியடியில் கேட்டேன்: "முந்தான எங்க மதினி?"

"எலி கடிச்சிருச்சு."

"எலி குங்குமமும் வச்சுதா?"

நீங்கள் சிரிக்கவில்லை. குடத்தைக் கழுவுவதை நிறுத்தினீர்கள். "சொல்லிரு. லயத்தக் கூப்புட்டு இப்பவே சொல்லிரு. பொழுது எறங்குறதுக்குள்ள வெட்டிரலாம்" என்றீர்கள்.

நான் சொல்லவில்லை. ஏன் என்று இவ்வளவு காலம் கழித்தும் எனக்கே சரியாக விளங்கவில்லை. சொல்லியிருந்தால் சாமியை வைத்து விளையாடினாள் என்று உங்களை முச்சந்தியில் நிறுத்தியிருப்பார்கள். அண்ணன் முகம் கண்ணில் வந்தது. அதுவும் இருக்கலாம். அந்த நேரம் என் வாளி நிறைந்துகொண்டிருந்தது. அதுவும் இருக்கலாம்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் சின்னவள் போய்விட்டாள். வயிற்றோட்டம். மருந்துக்காரர் கொடுத்த மருந்து உடம்பில் தங்கவில்லை. தங்குவதற்கு உடம்பில் ஒன்றும் இல்லை. சேப்பங்கிழங்கு விளைய எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும் மதினி. அந்த ஞாயிற்றுக்கிழமையே நட்டிருந்தாலும் அவளுக்கு எட்டியிருக்காது. இதை நூறு தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். எட்டியிருக்காதுதான். ஆனால் அவள் கண் மூடும்போது நட்டு வைத்த ஒரு கிழங்காவது மண்ணில் இருந்திருக்கும். ஏதோ செய்தேன் என்று எனக்கு இருந்திருக்கும்.

அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்தது நீங்கள். ஊற்றுவரைக்கும் ஏறிப்போய் மொண்டு வந்திருந்தீர்கள். குடத்துக்குள் பார்த்தேன். அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவைப் பார்த்ததும்தான் எனக்கு வெறி வந்தது. "வச்சிட்டுப் போங்க" என்றேன். அதற்குப் பிறகு உங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். நீங்கள் இருமினால் எனக்குக் கேட்கும். என் வீட்டில் கருவாடு வறுத்தால் உங்களுக்கு மணக்கும். கொழுந்து மலையில் பக்கத்து நிரையில் நின்று பறித்தோம். என் கூடையின் கயிறு அறுந்தபோது நீங்கள் முடிச்சுப் போட்டுக் கொடுத்தீர்கள். நான் அதை அவிழ்த்து நானே மறுபடி போட்டேன். கல்யாணங்களில் எதிரெதிரே உட்கார்ந்தோம். லயத்தில் எல்லோரும், அண்ணன் தங்கை வீட்டுச் சண்டை, பிள்ளை போன துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். துணியைப் பற்றி யாருக்கும் தெரியாது.

நீங்கள் வைத்த முனி வளர்ந்தது. வெள்ளிக்கிழமை விளக்கு வந்தது. வருடத்துக்கு ஒரு பொங்கல் வந்தது. கீழ் லயத்துக்காரர்களும் சேவலோடு ஏறி வந்தார்கள். காட்டுக்குள் யாரும் சுள்ளி பொறுக்கவில்லை. சருகு மேலே சருகு விழுந்து கிடந்தது. கல்லைப் புரட்டினால் நண்டு ஓடும். ஒரு மாசியில் சுற்றியுள்ள லயங்களில் பீலியெல்லாம் சொட்டாகிப் போனது. நம் பீலி இளைத்தது, நிற்கவில்லை. அடுத்த தோட்டத்துப் பெண்கள் வெயிலில் மலை ஏறி வந்து நம் பீலியில் குடம் வைத்துக் காத்திருந்தார்கள். "முனி காப்பாத்துது" என்றார்கள். நான் பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னது சரியாகிப்போனது என்று உங்கள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தெரியவில்லை.

பிறகு உங்களுக்கு இந்தியா என்று முடிவானது. எங்களுக்கு இங்கே இலங்கை என்று. யாரோ எங்கோ கையெழுத்துப் போட்டு ஒரே லயத்தை இரண்டாகக் கிழித்தார்கள். அட்டன் ஸ்டேஷனுக்கு அண்ணனுக்காகத்தான் வந்தேன். ஒப்பாரிக் கோச்சி என்று அந்த ரயிலுக்கு வைத்த பெயர் சும்மா வைத்ததில்லை. உள்ளே இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் ஒரே குரலாக அழுதுகொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஏ புள்ள. துணி நைஞ்சி போச்சு. மழைக்கி முன்ன மாத்திக் கட்டிரு."

அத்தனை வருடத்துக்குப் பிறகு நீங்கள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. நல்லா இரு என்று இல்லை. மன்னிச்சிரு என்று இல்லை.

"நான் எதுக்கு? கும்புடுறவங்க யாராச்சும் கட்டட்டும்" என்றேன்.

"கும்புடுறவங்க கும்புடுவாங்க. காப்பாத்த மாட்டாங்க. ஒனக்குத்தான் தெரியும்."

கோச்சி நகர்ந்துவிட்டது. அதுதான் கடைசி.

அங்கே போனபின் உங்களுக்குக் கிடைத்த வேலையைப் பற்றி அண்ணன் எழுதியிருந்தார். யானை நடந்த காட்டை வெட்டித் தேயிலை நட உங்களைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அந்தக் கடுதாசியின் அடியில், நீங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதிய ஒரு வரி இருந்தது: "இங்க எத்தன மரத்துக்கு நான் முனி வைக்கிறது புள்ள? தெம்பு இல்ல." அதைப் படித்துவிட்டு வெகுநேரம் அடுப்பில் விறகு தள்ளாமல் உட்கார்ந்திருந்தேன். பாவம் என்று தோன்றியது. தோன்றியதே தவிர வேறொன்றும் மாறவில்லை. துணியை மாற்றிக் கட்டினேன். என் கூறைச் சேலையில்தான் கிழித்தேன், வீட்டில் வேறு சிவப்பு இல்லை.

எண்பதுகளில் ஒரு புதுக் கண்டாக்கு வந்தார். பாக்டரி அடுப்புக்கு விறகு வேண்டும். அந்த மூலையை வெட்டி, சீக்கிரம் உயரும் டர்ப்பன்டைன் கன்று நடு என்று உத்தரவு. ஒருநாள் காலையில் வாள் இழுக்கும் ஆட்களோடு கங்காணி ஏறி வந்தார். வேதக்காரர் அவர், கழுத்தில் சிலுவை. நான் ஊற்றில் சருகு ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

"தள்ளுக்கா. ஐயாவோட ஓடர். முனிக்கு வேற மரத்துல வூடு பாத்துக் குடுப்போம்" என்று சிரித்தார். ஆட்களும் சிரித்தார்கள்.

"இது ஊத்துக்கண்ணு கங்காணி. இத வெட்டுனா ரெண்டு லயத்துக்கும் தண்ணி இல்ல."

"தண்ணிக்கித் தோட்டம் பைப்பு போடும். நீ தள்ளு."

வாளை மரத்தில் வைத்துவிட்டார்கள். கோடு விழுந்தது. எனக்கு ஆட வராது மதினி. உங்களைப்போல் கல்லும் மஞ்சளும் தேடி வைக்க நேரமும் இல்லை. கொண்டையை அவிழ்த்தேன். "எவன்டா அது" என்று தொடங்கினேன். குரல் ஈனமாக வந்தது. ஒருவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். நீங்கள் அன்று சொன்னதையெல்லாம் சொல்லலாம் என்று நினைத்தேன், பீலியில் ரத்தம், வீட்டில் விளக்கு என்று. ஒன்றும் வாயில் வரவில்லை. பாசி பிடித்த அந்தக் கல் கண்ணில் பட்டது.

"எம் புள்ளயக் குடுத்து வாங்குன மரம்டா இது!"

நான் நினைத்துச் சொன்னது இல்லை. வயிற்றிலிருந்து வந்தது. "எஞ் சின்னவளக் குடுத்துட்டு நிக்கிறேன்டா! பசியில குடுத்தேன்டா! வெட்டுறதுன்னா அவளக் கொண்டாந்து இங்க வச்சிட்டு வெட்டுடா! கொண்டாடா!" அதையே திரும்பத் திரும்பக் கத்தினேன். தலையில் அடித்துக்கொண்டேன். மண்ணை வாரி இறைத்தேன். கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. அவள் போன அன்று வராத அழுகையெல்லாம் அந்தச் சருகு மேலே கொட்டியது. அவர்கள் ஆளுக்கொரு பக்கம் விலகினார்கள். கங்காணி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "வாளை எடுங்கடா" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "வேற எடம் பாத்துக்கலாம். இந்தப் பாவம் நமக்கு வேணாம்."

அடுத்த மடிப்பில் போய் வெட்டினார்கள். அங்கே இருந்த சின்னக் காடு போய் இப்போது டர்ப்பன்டைன் நெட்டையாக நிற்கிறது. அதன் அடியில் ஒரு புல்லும் இல்லை. அங்கேயும் ஒரு சின்ன ஊற்று இருந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்போது ஈரத் தடம்கூட இல்லை. ஊற்று மரத்தில் அந்த வாள் கோடு இன்னும் இருக்கிறது. துணியை அதன் மேலேதான் கட்டுகிறேன்.

நீங்கள் ஆடியது பொய். நான் ஆடியது பொய்யில்லை. இந்த வித்தியாசத்தை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து வைத்திருந்தேன்.

இப்போது முழங்கால் முடியவில்லை. அந்த மேடு ஏறுவதற்குள் மூச்சு முட்டுகிறது. அடுத்த மழைக்கு முன் துணி மாற்ற யார் ஏறுவது என்று தெரியவில்லை. மருமகள் கீழ் லயத்துப் பெண், உங்களைப்போல. முனியைக் கையெடுத்துக் கும்பிடுகிறாள், கண்ணில் நீர் முட்ட. அவளிடம் துணி யாருடையது என்று சொன்னால் கும்பிடுவதை விட்டுவிடுவாள். சொல்லாமல் போனால் கும்பிட்டுக்கொண்டே, நாளைக்கு ஒரு ஐயா வந்து தள்ளச் சொன்னால் தள்ளி நின்றுவிடுவாள். நீங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு வரியில் என் தலையில் வைத்துவிட்டுப் போனீர்கள். எனக்கு அப்படி வைக்க ஒரு ஆளும் அகப்படவில்லை. ரொம்பக் களைப்பாக இருக்கிறது மதினி.

கிழங்கு வெந்துவிட்டது என்று மருமகள் தட்டில் கொண்டுவந்தாள். கீழ் லயத்துப் பீலிக்குக் கீழே, வழிந்தோடும் தண்ணீரில் அவள் அம்மா நட்டது. நம் பீலியைத் தாண்டிப் போன தண்ணீர். குழந்தையின் தொடை அளவு இருந்தது. பாதி தின்றேன். சரியாக வேகவில்லை போல, தொண்டை அரித்தது.

"தண்ணி தா புள்ள" என்றேன்.

கொண்டுவந்தாள். செம்பின் அடி தெரிந்தது. உங்களை நான் மன்னிக்கவில்லை. தொண்டை அரித்தது, குடித்தேன்.